விமானி வேலை விண்ணப்பத்தில் பழைய டிராஃபிக் டிக்கெட்: அமெரிக்க ஏர்லைன்களுக்கு எழுதுவோருக்கான முழு வழிகாட்டி

“பார்க்கிங் டிக்கெட் தவிர, போக்குவரத்து விதிமீறலுக்காக உங்களுக்கு எப்போதாவது டிக்கெட் தரப்பட்டிருக்கிறதா?”

அமெரிக்க ஏர்லைன் ஒன்றுக்கு விமானி வேலைக்கு எழுதிப்போடுகிறவர், பறந்த மணிக்கணக்கையும் செக்ரைட் (பறக்கும் தேர்வு) விவரங்களையும் நிரப்பி ஓய்ந்துபோன நேரத்தில் இப்படி ஒரு கேள்வி வந்து நிற்கும். கல்லூரிக் காலத்தில் வாங்கிய ஒரு ஸ்பீடிங் டிக்கெட் மங்கலாக நினைவுக்கு வரும். எந்த ஊர், எந்த மாதம் என்பது வராது. அபராதம் கட்டியாயிற்று, இன்ஷூரன்ஸ் கணக்கிலிருந்தும் எப்போதோ போய்விட்டது, இதை இனி யார் தோண்டப்போகிறார்கள் என்று ‘இல்லை’யைத் தட்டத் தோன்றும்.

தட்டாதீர்கள். பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு வேக டிக்கெட்டுக்காக மட்டும் நல்ல விமானியைத் திருப்பி அனுப்ப எந்த ஏர்லைனுக்கும் விருப்பம் இருக்காது. அவர்கள் பார்ப்பது, நீங்கள் எழுதியதும் பிற காகிதங்கள் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்பதை. ஒத்துப்போகவில்லை என்றால் பேச்சு டிக்கெட்டை விட்டு உங்கள் நாணயத்துக்குப் போய்விடும். அங்கே விளக்கம் சொல்லி மீள்வது மிகவும் கடினம்.

இந்தக் கெடுபிடிக்கு ஒரு வரலாறு உண்டு. 2009 பிப்ரவரி 12 அன்று கோல்கன் ஏர் 3407 விமானம் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே ஒரு வீட்டின் மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். விசாரணையில், கேப்டன் தன் பழைய செக்ரைட் தோல்விகள் எல்லாவற்றையும் வேலை விண்ணப்பத்தில் சொல்லியிருக்கவில்லை என்று தெரியவந்தது. அதன் விளைவாக 2010-ல் வந்த சட்டம்தான் ஏர்லைன் விமானி 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்ற விதிக்கும், விமானிகளின் பதிவுகளை ஒரே இடத்தில் வைக்கும் பைலட் ரெக்கார்ட்ஸ் டேட்டாபேஸுக்கும் அடித்தளம் போட்டது. 1996-ம் ஆண்டுச் சட்டப்படி நடந்துவந்த பழைய முறையை இந்த டேட்டாபேஸ் 2024 செப்டம்பர் 9 முதல் முழுவதுமாக மாற்றிவிட்டது. உங்கள் வேக டிக்கெட் அதில் இருக்காது. ஆனால் விண்ணப்பத்தில் ஒன்றை மறைத்தவர் காக்பிட்டில் எதை மறைப்பார் என்ற சந்தேகம் அன்றிலிருந்து ஆள் எடுப்பவர்கள் மனதில் நிலைத்துவிட்டது.

முதலில், யார் கண்ணுக்கு எது தெரியும்

பலரும் குழம்புவது இங்கேதான். மூன்று தனித்தனிப் பதிவேடுகளை ஒன்றென்று நினைத்துக்கொள்கிறார்கள்.

முதலாவது நேஷனல் டிரைவர் ரெஜிஸ்டர். நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் நடத்துவது. லைசென்ஸ் ரத்து, இடைநிறுத்தம், மறுப்பு ஆனவர்களும், குடிபோதையில் ஓட்டியது போன்ற கடும் குற்றங்களில் தண்டனை பெற்றவர்களும்தான் இதில் இருப்பார்கள். சாதாரண வேக டிக்கெட் இதில் ஏறாது. விமானியை வேலைக்கு எடுக்கும் ஏர்லைன், அவருடைய ஒப்புதலோடு இதைப் பார்க்கும். அந்தத் தேடலில் பொதுவாக 5 ஆண்டுக்குள் பதிவானவை வரும். இன்னும் நடப்பிலிருக்கும் இடைநிறுத்தமோ ரத்தோ என்றால் அந்த எல்லை கிடையாது.

இரண்டாவது, டிரைவிங் லைசென்ஸ் தரும் மாநில அலுவலகமான டிஎம்வி வைத்திருக்கும் டிரைவிங் ரெக்கார்ட். டிக்கெட்டுகள் இருப்பது இங்கே. ஆனால் எத்தனை வருடம் இருக்கும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் ஒரு பாயிண்ட் (லைசென்ஸில் ஏறும் குறைப்புள்ளி) மீறல் 39 மாதம் இருக்கும், குடிபோதை வழக்கு 10 ஆண்டு இருக்கும்.

மூன்றாவது கோர்ட் பதிவு. டிஎம்வி மறந்ததைக்கூட கவுண்டி (மாவட்டம் போன்றது) கோர்ட்டின் இணையதளம் நினைவு வைத்திருக்கலாம். பின்னணி சரிபார்க்கும் தனியார் நிறுவனங்கள் தேடுவது பெரும்பாலும் இதைத்தான். ‘ஏழு வருடத்துக்கு மேல் பார்க்க முடியாது’ என்று விமானிகள் நடுவே ஒரு பேச்சு உலவுகிறது. அமெரிக்கக் கடன்-தகவல் சட்டத்தில் உள்ள அந்த ஏழாண்டு எல்லை, தண்டனையில் முடிந்த வழக்குகளுக்குப் பொருந்தாது. தண்டனையில்லாமல் முடிந்தவற்றுக்கும், ஆண்டுச் சம்பளம் 75,000 டாலரைத் தொடும் வேலை என்றால் அது இல்லை. மாநிலச் சட்டம் சில இடங்களில் இன்னும் கடுமையாக இருக்கலாம், ஆனால் அதை நம்பி ‘இல்லை’ என்று எழுதுவது புத்திசாலித்தனமல்ல.

காகிதங்களைத் திரட்டுவது

விண்ணப்பத்தைத் திறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே இதைத் தொடங்குங்கள். நினைவை நம்பி எழுதாதீர்கள்.

நீங்கள் லைசென்ஸ் வைத்திருந்த ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் உங்கள் டிரைவிங் ரெக்கார்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்கும்போது மிக நீண்டகால வடிவத்தைக் கேளுங்கள். மலிவான மூன்றாண்டு அச்சு இங்கே பயன்படாது. கலிபோர்னியாவில் அதற்கு எச்-6 என்று பெயர், 10 ஆண்டு வரலாறு வரும். டெக்சாஸில் டைப் 3, சான்றளிக்கப்பட்டது வேண்டுமென்றால் 3ஏ. ஃபுளோரிடாவில் மூன்றாண்டு, ஏழாண்டு, முழுமை என்று மூன்று வகை உண்டு, முழுமையானதை எடுங்கள். நியூயார்க்கில் லைஃப்டைம் அப்ஸ்ட்ராக்ட். டிக்கெட் வாங்கியது வேறு மாநிலத்தில் என்றாலும், பெரும்பாலான மாநிலங்கள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் இருப்பதால், உங்கள் சொந்த மாநில ரெக்கார்டில் அது வந்திருக்க வாய்ப்புண்டு. வராமலும் போகலாம். அதனால் டிக்கெட் வாங்கிய ஊரின் கோர்ட்டையும் விடக்கூடாது.

நேஷனல் டிரைவர் ரெஜிஸ்டரில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று நீங்களே கேட்கலாம். நோட்டரி முன் கையெழுத்திட்ட கடிதம் போதும், கட்டணம் இல்லை. பதிலை ஃபைலில் வையுங்கள். இதைச் செய்யச் சொல்ல ஒரு குறிப்பான காரணம் இருக்கிறது. மாணவராக இருந்தபோது வேறு மாநிலத்தில் ஒரு டிக்கெட் வாங்கி, வீடு மாறி, நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய், கோர்ட்டுக்குப் போகாததால் அந்த மாநிலம் உங்கள் ஓட்டும் உரிமையை இடைநிறுத்தியிருக்கலாம். உங்களுக்கே தெரியாமல் வருடக்கணக்கில் அது நடப்பிலிருக்கலாம். 150 டாலர் அபராதச் சமாசாரம் இப்படித்தான் பெரிய சமாசாரமாகிறது. இதை ஏர்லைன் உங்களுக்குச் சொல்லும் நிலை வரக்கூடாது, நீங்கள்தான் முதலில் கண்டுபிடித்துத் தீர்க்க வேண்டும்.

கோர்ட்டில் கேட்கும்போது டிக்கெட் நகல், தீர்ப்பு விவரம், அபராதம் கட்டிய ரசீது மூன்றையும் கேளுங்கள். சிறிய முனிசிபல் கோர்ட்டுகள் பழைய கோப்புகளை அழித்துவிடுவது சகஜம். அப்படியானால் ‘தேடினோம், பதிவு இல்லை’ என்று எழுத்தில் வாங்குங்கள். நேர்முகத்தில் அந்த ஒரு தாளுக்கு நல்ல மதிப்பு உண்டு. நீங்கள் தேடினீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

ராணுவத்திலிருந்து வருகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ராணுவத் தளத்துக்குள்ளோ தேசியப் பூங்காவிலோ வாங்கிய டிக்கெட் கவுண்டி கோர்ட்டுக்குப் போயிருக்காது. கூட்டாட்சி நிலத்து மீறல்களை சென்ட்ரல் வயலேஷன்ஸ் பீரோ என்ற தனி அலுவலகம் கையாளுகிறது. அங்கே கேளுங்கள்.

விபத்துகளை இன்ஷூரன்ஸ் பக்கமிருந்து பிடிக்கலாம். லெக்சிஸ்நெக்சிஸ் தரும் க்ளூ அறிக்கையில் ஏழாண்டுக்கான வாகனக் க்ளெய்ம்கள் இருக்கும், வருடத்துக்கு ஒருமுறை இலவசம்.

கடைசியாக, நீங்கள் முன்பு எழுதிய எல்லாப் படிவங்களும். ரீஜினல் (சிறிய வட்டார) ஏர்லைனுக்குப் போட்ட விண்ணப்பம், அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவின் மருத்துவப் படிவங்கள், ஃப்ளைட் ஸ்கூலில் பயிற்றுநர் வேலைக்கு எழுதியது. இந்தியாவிலிருந்து வந்து கிரீன் கார்டு, குடியுரிமை என்று ஏறியவர்களுக்கு இன்னொரு படிவமும் உண்டு. குடியுரிமைக்கான என்-400, போலீஸ் அதிகாரி எவராலாவது எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, டிக்கெட் தரப்பட்டீர்களா என்று கேட்கிறது. அதில் மூன்று டிக்கெட் எழுதியிருந்து ஏர்லைனிடம் ஒன்று சொன்னால், உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும். அந்த நகலை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

ஒரே ஒரு மூலத்தாள்

கிடைத்ததையெல்லாம் ஒரு எக்செல் தாளில் ஏற்றுங்கள்: தேதி, ஊர், கவுண்டி, மாநிலம், டிக்கெட்டில் எழுதிய குற்றம், முடிவில் பதிவான குற்றம், அபராதம், வழக்கு எண், எந்தக் காகிதம் கையில் இருக்கிறது. ‘எழுதிய குற்றம்’, ‘பதிவான குற்றம்’ இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் வையுங்கள். 82 மைல் வேகத்துக்கு எழுதிய டிக்கெட்டை வக்கீல் பேசி ‘குறைபாடுள்ள வாகனம்’ என்று குறைத்திருப்பார். டிக்கெட்டைப் பற்றிக் கேட்கும் கேள்விக்கு ஒரு பதில், தண்டனையைப் பற்றிக் கேட்கும் கேள்விக்கு வேறு பதில்.

இனிமேல் எந்த ஏர்லைனுக்கு எழுதினாலும் இந்தத் தாளிலிருந்தே எடுத்து எழுத வேண்டும். விண்ணப்ப இணையதளங்களான ஏர்லைன்ஆப்ஸில் ஒரு மாதிரி, பைலட்கிரெடென்ஷியல்ஸில் ஒரு மாதிரி என்று ஆகிவிடக்கூடாது.

கேள்வியை வக்கீல் போல வாசியுங்கள்

எல்லா விண்ணப்பமும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. ‘எப்போதாவது’ என்கிறதா, ‘கடந்த 10 ஆண்டில்’ என்கிறதா? ‘டிக்கெட் தரப்பட்டதா’ என்கிறதா, ‘தண்டனை பெற்றீர்களா’ என்கிறதா? ‘ஓடும் வாகன மீறல்’ மட்டுமா, எல்லா மீறலுமா? அச்செடுத்து அடிக்கோடிடுங்கள்.

‘தரப்பட்டதா’ என்று கேட்டால் வழக்கு எப்படி முடிந்தது என்பது பொருட்டே இல்லை. டெக்சாஸில் டிஃபென்சிவ் டிரைவிங் (பாதுகாப்பாக ஓட்டும்) வகுப்புக்குப் போய் வழக்கு தள்ளுபடியானதா? டிக்கெட் தரப்பட்டது, எழுதுங்கள். கலிபோர்னியாவில் டிராஃபிக் ஸ்கூல் முடித்ததால் தண்டனை பொதுப் பார்வையிலிருந்து மறைக்கப்பட்டதா? அதுவும் அப்படியே. ஃபுளோரிடாவில் ‘தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது’ என்று முடிந்ததா? எழுதுங்கள், முடிவையும் அதே சொற்களில் சேருங்கள். ‘தள்ளுபடி ஆச்சே, அப்போ டிக்கெட்டே இல்லைதானே’ என்பது வீட்டில் பேசிக்கொள்ளச் சரி, படிவத்துக்குச் சரியில்லை.

சிக்னல் கேமரா டிக்கெட்டில் நியாயமான குழப்பம் இருக்கிறது. பல இடங்களில் அது வண்டிக்குச் சொந்தக்காரர் மேல் போடும் சிவில் அபராதம், ஓட்டியவர் மேல் பாயிண்ட் ஏறாது. கேள்வி ‘ஓடும் வாகன மீறல்’ என்றால் விடலாம் என்று வாதிட இடமுண்டு. பொதுவாக டிக்கெட் என்று கேட்டால் ஒரு வரி எழுதிவிடுவதே என் கட்சி. போலீஸ்காரர் வாய்மொழியாகவோ தாளிலோ எச்சரித்து அனுப்பியது டிக்கெட் ஆகாது, அது வேண்டாம்.

இந்தியாவில் வாங்கிய சலான்? கேள்வி அமெரிக்கா என்று வரையறுக்காமல் ‘எப்போதாவது’ என்று கேட்டால் சென்னையில் ஹெல்மெட் இல்லாமல் பிடிபட்டதும் அந்தச் சொல்லுக்குள் வருகிறது. யாரும் அதைச் சரிபார்க்கப் போவதில்லை என்பது உண்மைதான். இருந்தாலும் ஒரு வரி எழுதுவதால் எதுவும் குறைந்துபோவதில்லை.

அதே சமயம், கேட்காததைக் கொட்டவும் கூடாது. ஐந்தாண்டுதான் கேட்கிறார்கள் என்றால் பதினைந்தாண்டுக்கு முந்தையதை அந்தக் கட்டத்தில் திணிக்காதீர்கள். கேள்வியைச் சரியாக வாசித்து அதற்குச் சரியாகப் பதில் சொல்பவரா என்பதும் இங்கே பார்க்கப்படுகிறது. செக்லிஸ்ட் வாசிக்கத் தெரிந்தவருக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எழுதும் விதம்

இரண்டு மூன்று வரி போதும். இப்படி ஒன்றை அவர்கள் மொழியில் எழுதினால் ஆயிற்று: “2013 ஜூன், டெக்சாஸ், டிராவிஸ் கவுண்டி. 65 மைல் எல்லையில் 79 மைல் வேகத்துக்கு டிக்கெட். டிஃபென்சிவ் டிரைவிங் வகுப்பு முடித்தேன், வழக்கு தள்ளுபடியானது.” ரோடு காலியாக இருந்தது, எல்லோரும் அதே வேகத்தில்தான் போனார்கள், போலீஸ்காரருக்கு அன்று கோட்டா இருந்தது என்பதெல்லாம் வேண்டாம். அவை உண்மையாகவே இருந்தாலும் வேண்டாம்.

தேதி நினைவில்லை, காகிதமும் இல்லை என்றால் ஊகத்தை ஊகமென்று சொல்லுங்கள்: “சுமார் 2008. கோர்ட்டில் கேட்டதில் பதிவு கிடைக்கவில்லை, கடிதம் என்னிடம் இருக்கிறது.” படிவம் துல்லியமான தேதியைக் கட்டாயமாக்கினால், கிட்டத்தட்டச் சரியான தேதியைப் போட்டு, குறிப்புக் கட்டத்தில் ‘தோராயம்’ என்று சேருங்கள். தேதியைக் கற்பனை செய்து உறுதியாக எழுதிவிட்டால், பின்னால் உண்மைத் தேதி வரும்போது பொய் போலத் தோன்றும்.

ஒரு வருடத்துக்குள் மூன்று நான்கு டிக்கெட் என்றால் கதை வேறு. அங்கே வரிசையாகப் பட்டியல் போட்டால் மட்டும் போதாது, அதற்குப் பிறகு என்ன மாறியது என்று ஒரு வாக்கியம் வேண்டும். கடைசி டிக்கெட் எந்த ஆண்டு, அதன்பின் எத்தனை ஆண்டு சுத்தம் என்பதே அந்த வாக்கியமாக இருக்கட்டும். மனம் மாறினேன், பாடம் கற்றேன் என்ற பிரசங்கத்தைவிட ஒரு ஆண்டு எண் நன்றாகப் பேசும்.

எஃப்ஏஏவுக்குச் சொல்வது வேறு கணக்கு

ஏர்லைன் கேட்பதும் எஃப்ஏஏ கேட்பதும் ஒன்றல்ல. மருத்துவச் சான்றுக்கு மெட்எக்ஸ்பிரஸ் என்ற எஃப்ஏஏ இணையதளம் வழியாக நிரப்பும் 8500-8 படிவத்தில் 18-வது கேள்வியின் ‘வி’ பகுதி இரண்டைக் கேட்கிறது. போதையில் ஓட்டியது தொடர்பான கைது அல்லது தண்டனை உண்டா என்பது ஒன்று. எந்த மீறலானாலும் அதனால் லைசென்ஸ் மறுக்கப்பட்டதா, இடைநிறுத்தப்பட்டதா, ரத்தானதா, அல்லது கல்வி வகுப்புக்கோ மறுவாழ்வுத் திட்டத்துக்கோ போக நேர்ந்ததா என்பது இன்னொன்று. தபால் மூலம் அபராதம் கட்டிய சாதாரண வேக டிக்கெட் இதில் வராது. ஆனால் கட்டாமல் விட்டு லைசென்ஸ் இடைநிறுத்தமானால் வந்துவிடும். டிராஃபிக் ஸ்கூல்? எழுத்துப்படி வாசித்தால் ‘கல்வி வகுப்பு’ என்ற சொல் அதையும் தொடுகிறது. விமானத்துறை வக்கீலிடம் அரைமணி நேரம் பேசிவிட்டு முடிவெடுக்கத் தகுந்த கேள்வி இது. ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்தடுத்த மருத்துவப் படிவங்களில் ‘முன்பே தெரிவித்தது, மாற்றமில்லை’ என்று எழுதினால் போதும்.

இந்தப் படிவத்தில் கையெழுத்திடும்போதே டிரைவர் ரெஜிஸ்டரைப் பார்க்க எஃப்ஏஏவுக்கு ஒப்புதல் கொடுத்துவிடுகிறீர்கள். பொய் சொன்னால் மருத்துவச் சான்று மட்டுமல்ல, விமானிச் சான்றிதழ்களே பறிபோகலாம். கூட்டாட்சிச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் உண்டு.

குடிபோதை விவகாரம் என்றால் மூன்றாவதாக ஒரு கதவும் இருக்கிறது. எஃப்ஏஏவின் 61.15 விதிப்படி, போதையில் வாகனம் ஓட்டியது தொடர்பான தண்டனை, லைசென்ஸ் இடைநிறுத்தம், ரத்து, மறுப்பு எதுவானாலும் 60 நாளுக்குள் எஃப்ஏஏவின் பாதுகாப்புப் பிரிவுக்குத் தனியாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மருத்துவப் படிவத்தில் சொன்னது இதற்கு ஈடாகாது. இரவு மூச்சுப் பரிசோதனையில் சிக்கி டிஎம்வி முதலில் லைசென்ஸை நிறுத்துகிறது, சில மாதம் கழித்துக் கோர்ட் தண்டனை தருகிறது என்றால் இரண்டு நடவடிக்கை, இரண்டு அறிவிப்பு. மூன்றாண்டுக்குள் இரு வேறு சம்பவங்களில் இப்படி நடந்தால் சான்றிதழே ஆபத்தில். கோர்ட் பின்னால் பதிவை அழித்துக்கொடுத்தாலும் மருத்துவப் படிவத்தின் ‘எப்போதாவது’ அழியாது.

ஏர்லைன்களுக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. கனடா 2018 டிசம்பரில் குடிபோதை ஓட்டுதலைக் கடும் குற்றமாக உயர்த்தியது. அந்தத் தண்டனை உள்ளவர் கனடாவுக்குள் நுழையவே அனுமதி தேட வேண்டும். டொராண்டோவுக்கும் வான்கூவருக்கும் பறக்க முடியாத விமானியை அட்டவணையில் எங்கே போடுவது? இப்படி ஒரு வழக்கு உங்களிடம் இருந்தால் இந்த வழிகாட்டி போதாது, வக்கீல் வேண்டும்.

விமான நிலைய பேட்ஜுக்கான குற்றப் பின்னணிச் சோதனையை நினைத்து மட்டும் பயப்படாதீர்கள். அந்தப் பத்தாண்டுச் சோதனையின் தகுதியிழப்புப் பட்டியலில் வேக டிக்கெட் இல்லை.

நேர்முக அறையில்

விண்ணப்பத்தில் எழுதிய அதே மூன்று வரியை வாயால் சொல்லுங்கள், முடிந்ததும் நிறுத்துங்கள். மௌனத்தை நிரப்பப் பேச்சை நீட்டுவதால்தான் பலர் தேவையில்லாத இடத்துக்குப் போய்விடுகிறார்கள். சிரித்து மழுப்புவதும் வேண்டாம், கண்கலங்குவதும் வேண்டாம். கோர்ட் காகிதங்கள், டிரைவிங் ரெக்கார்டு எல்லாம் ஒரு ஃபைலில் மாநில வரிசைப்படி இருக்கட்டும், கேட்டால் மட்டும் எடுங்கள்.

அனுப்பிய பிறகு ஒன்று நினைவுக்கு வந்தால்

விண்ணப்பத்தைத் திறந்து உடனே திருத்துங்கள். நேர்முகத்துக்கு அழைப்பு வந்து திருத்தும் வசதி மூடிவிட்டால், ஆள் எடுக்கும் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: விட்டுப்போனது இது, கண்டுபிடித்த நாள் இது, காகிதம் இணைத்திருக்கிறேன். நேர்முக நாளன்று உட்காரும் முன்பே அதைச் சொல்லித் திருத்தப் பக்கத்தைக் கையில் கொடுங்கள். அவர்கள் கேட்ட பிறகு சொல்வது திருத்தமாகாது, ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும்.

வேலை கிடைத்த பிறகும் இது முடிந்துவிடாது. விண்ணப்பத்தின் அடியில் நீங்கள் கையெழுத்திட்ட வாக்கியம், தவறான தகவல் எப்போது தெரியவந்தாலும் வேலையை விட்டு நீக்கலாம் என்று பொதுவாகச் சொல்லும். முதல் வருடத் தகுதிகாண் காலத்தில் யூனியனாலும் பெரிதாகத் தடுக்க முடியாது.

நிபந்தனையுடன் வேலை உறுதியாகி, பயிற்சி வகுப்புத் தேதிக்குக் காத்திருக்கும் மாதங்களில் புது டிக்கெட் ஒன்று வாங்கினாலும் இதே வேலைதான். மூலத்தாளில் ஒரு வரி சேருங்கள், விண்ணப்பத்தைப் புதுப்பியுங்கள், ஆள் எடுக்கும் பிரிவுக்கு அன்றே எழுதுங்கள். அபராதத்தைக் கடைசித் தேதி வரை இழுக்காமல் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.